செண்பகவல்லி வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனோம்

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற கடைவரிசையில் செண்பகவல்லியோடு சண்டை போடாத ஆள் கிடையாது. நானே வருஷத்துக்கு நாலு தடவை போடுவேன். அவளுடையது எண்ணெய்க் கடை, என்னுடையது நேந்திரங்காய் சிப்ஸ் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். என் அடுப்புப் புகை அவள் பக்கம் போகும், அவள் வாய் என் பக்கம் வரும். பதினாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் இந்த ஊர் அவளைப் பற்றிப் பேசுகிற பேச்சு என்னைவிட மோசமாக இருக்கிறது. அழுத்தக்காரி, திமிர் பிடித்தவள், வீடு தேடி வந்த நாலு பேரை முகத்தில் அடித்தவள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நடந்தது எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் இருக்கிறது. அந்தப் பங்கை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

செண்பகவல்லி பிறந்தது பண்பொழியில். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மேலகரத்தில் காமராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். காமராஜுக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. வருகிறவர்களைப் படியில் உட்காரவைத்து, தலையில் எண்ணெயை வைத்து அவர் தட்டுகிற தட்டில் ஆள் கண்ணை மூடிவிடுவான். புருஷன் தேய்க்கிற எண்ணெயை இன்னொருத்தன் கடையில் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டுத்தான் அவள் இந்தக் கடையைப் போட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காமராஜ் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே அவள் கடையைத் திறந்தாள். அப்போதே ஊர் வாயில் விழுந்தாள்.

வியாபாரத்தில் அவளுக்கு இங்கிதம் என்பதே கிடையாது. சென்னையிலிருந்து வந்த தொந்தி மனிதர் ஒருவர் சின்ன பாட்டில் கேட்டால், ஆளை மேலும் கீழும் பார்ப்பாள். “இந்த ஒடம்புக்கு அது எந்த மூலைக்கு” என்று பெரிய பாட்டிலை எடுத்து வைப்பாள். குடித்துவிட்டு அருவிக்குப் போகிற பையன்களுக்கு எண்ணெய் கொடுக்க மாட்டாள். வழுக்கி விழுந்து மண்டை உடைந்தால் அது என் எண்ணெயால் என்று பேப்பர்காரன் எழுதுவான் என்பாள். இத்தனைக்கும் அவள் கடையில்தான் கூட்டம். எண்ணெய் சுத்தமாக இருக்கும்.

ஒரே மகன் சுடலைமுத்து. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு ஏஜென்ட் மூலமாகச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். இன்ஜின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலை. கிளம்புகிற அன்றைக்கு என் கடை முன்னால் வந்து நின்று, “அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுங்க” என்றான். எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கப்பலிலிருந்து கூப்பிடுவான். அந்தப் பத்து நிமிஷம் செண்பகவல்லி கடைக்கு யார் வந்தாலும் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

இனி என் டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிப்ஸ் சூடாக வேண்டும் என்று நிற்கிற கூட்டம் அடுப்பையே முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று கடையில் ஒரு டிவி மாட்டியிருந்தேன். காலையில் போட்டால் கடை சாத்துகிறவரை நியூஸ்தான். விடிந்ததும் கொலை, மத்தியானம் விபத்து, சாயங்காலமானால் நாலு பேர் உட்கார்ந்து காலையில் நடந்த கொலைக்கு மத்தியான விபத்துதான் காரணம் என்கிற மாதிரி சத்தம் போடுவார்கள். எனக்கு அது இல்லாமல் கை ஓடாது. தென்காசி டாக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு முதலில் அந்த டிவியை நிறுத்துங்கள் என்றார். நான் மாத்திரையை வாங்கி வந்து நியூஸ் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

ஆனி பிறந்து நல்ல சாரல். கூட்டம் மொய்க்கிறது. அந்த நேரத்தில்தான் கப்பல் செய்தி வந்தது. எங்கேயோ ஒரு கடலில் சரக்குக் கப்பலை ட்ரோன் வைத்து அடித்துவிட்டார்கள், கப்பலில் தமிழர்கள் மூன்று பேர், கதி என்ன என்று போட்டான். கப்பல் பெயரைக் கடைசிவரை ஒருத்தரும் சொல்லவில்லை. எரிகிற கப்பலைப் பத்து விநாடி காட்டி, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பின்னால் ஒரு பாட்டு வைத்தான். அந்தப் பாட்டை வைத்தவன் கையில் கிடைத்தால் என் சட்டியிலேயே போட்டுப் பொரிப்பேன்.

சுடலைமுத்து இருந்ததும் அந்தக் கடல் பக்கம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடவில்லை. இவள் போட்டாலும் போகவில்லை.

நாலு நாள் அவள் தகரத் தடுப்பின் ஓரத்தில் நின்று என் டிவியையே பார்த்தாள். என் டிவி போதாதென்று கையில் போன். ஒரே கப்பல், ஒரே பத்து விநாடி, நாளுக்கு நூறு தடவை எரிந்தது. நூறு தடவையும் அவள் மகன் அதில் இருந்தான். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேனலை மாற்றினேனா என்றால் இல்லை. எனக்கும் அடுத்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு மதுரைக்காரருக்கு அவள் வெறும் பாட்டிலை மூடி திருகிக் கொடுத்துவிட்டாள். அவர் அருவிக்கரையில் போய் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி, தலையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கத்தினார். கடைவரிசை முழுக்கச் சிரித்தது. செண்பகவல்லி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, இத அமத்துங்க.”

கடை என்னுடையது, டிவி என்னுடையது, கரண்டுக்குக் காசும் நான்தான் கட்டுகிறேன் என்றேன். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொள் என்றேன். நாலு பேர் முன்னால் வேறு சொன்னேன். அவள் திரும்பித் தன் கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தடுப்பின் மேல் ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டி என் டிவி தெரியாமல் அடைத்துவிட்டாள். காதில் பஞ்சு. போனை வீட்டில் போட்டுவிட்டு, காமராஜ் வைத்திருந்த பட்டன் போனை எடுத்து வந்திருந்தாள். கடை முகப்பில் ஒரு அட்டை தொங்கியது. ‘இங்கு எண்ணெய், சீயக்காய், துண்டு கிடைக்கும். கப்பல் விஷயம் பேசக் கூடாது’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தாள். வெளியூர்க்காரர்கள் அதை வாசித்துவிட்டு என்ன கப்பல் என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

அவளுக்குத் தகவல் வர ஒரே ஒரு வழியை வைத்துக்கொண்டாள். தூத்துக்குடி ஏஜென்ட் ஆபீஸில் கிருபா என்று ஒரு பெண் இருந்தது. தினமும் சரியாகப் பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் போடுவாள். கை எண்ணெயாக இருப்பதால் ஸ்பீக்கரில் வைத்துப் பலகையில் வைத்துவிடுவாள். அந்தப் பெண் தினமும் ஒரே மாதிரிதான் சொல்லும். “ஆன்ட்டி, இன்னைக்கும் தகவல் ஒண்ணும் வரல. கெட்ட தகவலும் வரல.” சரிம்மா என்று வைத்துவிடுவாள். அதற்குமேல் அந்த நாளில் கப்பல் கிடையாது. மத்தியானம் தூக்கைத் திறந்து சாப்பிட்டாள். பாட்டில்களில் எண்ணெய் இருந்தது.

அவளை அவள் பாட்டுக்கு விட்டிருக்கலாம். விடுகிற ஊரா இது? சன்னதி பஜாரில் தேங்காய் விற்கிற நாச்சியார், கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஒனக்கு விஷயம் தெரியுமாட்டி, கடல்ல அங்கன” என்று ஆரம்பித்தாள். கடைக்குள்ளே வந்தால் சீயக்காயைக் கண்ணில் போடுவேன் என்று செண்பகவல்லி சொன்னதாக நாச்சியாரே என்னிடம் வந்து முறையிட்டாள். சொந்தக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்தார்கள். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் அந்தக் கப்பல். பெற்றவளைவிட இவர்களுக்குத்தான் அவசரம். அவள் யாரையும் படி ஏற விடவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் திமிர்ப் பட்டம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். தென்காசியில் நல்லதம்பி என்று ஒருவன். ‘மலையோர நியூஸ்’ என்று யூடியூப்பில் ஒரு சேனல் வைத்துக்கொண்டு, மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். அவன் வந்து, அண்ணாச்சி, அந்தப் பையன் போட்டோ ஒன்று இருந்தால் கொடுங்கள், போட்டால் அதிகாரிகள் கண்ணில் படும், தேட உதவும் என்றான். நான் செண்பகவல்லியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கத்துவாள் என்று எனக்குத் தெரியும். என் போனில் இருந்ததை அனுப்பிவிட்டேன். அனுப்பியபோது பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

அன்று சாயங்காலமே போட்டான். கறுப்புப் பின்னணியில் சுடலைமுத்துவின் முகம், பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி, கீழே ‘தென்காசி இளைஞர் கடலில் பலியா?’ என்று எழுத்து. அந்தக் கேள்விக்குறியை நல்லதம்பி ஏதோ சாமர்த்தியத்துக்காகப் போட்டிருக்கிறான். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறியதும் எவனோ படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டான். அந்தக் குறி போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கிளம்பிய படம் புதன்கிழமை மத்தியானம் திருவேங்கடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருவேங்கடத்தில் காமராஜின் அண்ணன் மாடக்கண்ணு இருக்கிறார். கரிசல் காட்டில் விவசாயம். தம்பி செத்ததற்கு வந்தவர், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அவர் எனக்குப் போன் போட்டார். பையன் விஷயம் உண்மையா என்று கேட்டார். எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ என்றேன். அவளுக்குத் தெரியுமா என்றார். நியூஸே பார்க்க மாட்டேன் என்கிறாள் என்றேன். சரி, நாளைக்கே வாரோம், நாளைக்கு விட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றார்.

துஷ்டி கேட்பது என்றால் இழவு விசாரிப்பது. எங்கள் பக்கத்தில் அதற்கு முறை இருக்கிறது. செவ்வாய் வெள்ளியில் போக மாட்டோம். போன வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம். கிளம்புகிறபோது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவே மாட்டோம். அந்த வீட்டுக்கு அந்தக் காரியத்துக்காகத் திரும்பி வரக் கூடாது அல்லவா, அதனால் பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாடக்கண்ணு, அவர் பெண்டாட்டி, சொந்தத்தில் இன்னும் இரண்டு பெண்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வேனிலேயே மாடக்கண்ணு எல்லாருக்கும் சொல்லிவைத்தார். அவள் வாயால் கேட்டால் ஒழிய நாமாக எதையும் சொல்ல வேண்டாம், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க வேண்டாம், சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவோம், போன கடமையும் ஆகிவிடும் என்றார். சீட்டுக்குப் பின்னால் ஒரு கூடை இருந்தது. அதில் மாற்றுத்துணி, துண்டு, சோப்பு டப்பா. துஷ்டிக்குப் போனாலும் குளிக்க வேண்டும், அருவியும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே வேன் வாடகையில் இரண்டையும் முடித்துக்கொள்கிற ஏற்பாடு. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கிப் போய்விடவில்லை.

மேலகரத்தில் அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் வந்து இறங்குவது வழக்கம்தான். வாங்க அத்தான், வாங்க அக்கா, தண்ணி இன்னைக்கு நல்லா விழுது, ஐந்தருவிக்குப் போங்க, மெயின்ல கூட்டம் சாஸ்தி என்று அவளாகவே பேசிக்கொண்டு போனாள். அவர்கள் கூடையில் துண்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து புது எண்ணெய் பாட்டில் இரண்டு கொண்டு வந்து கூடையில் வைத்தாள். இரண்டு வாரமாக அவள் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. காப்பி போட்டு எடுத்து வந்தாள். ஒருத்தரும் தொடவில்லை. இப்பதான் குடிச்சோம் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். செண்பகவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பேச்சு குறைந்தது. காப்பி ஆடை கட்டியது. மாடக்கண்ணு தொண்டையைச் செருமிவிட்டு எழுந்தார். எல்லாரும் எழுந்தோம். ஒரு வார்த்தை பேசாமல், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வாசலைப் பார்த்து நடந்தோம்.

அவள் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் வெளிக் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அதன் மேல் முதுகை வைத்து நின்றாள்.

“குளிக்க வந்தியளா, துஷ்டி கேக்க வந்தியளா?”

மாடக்கண்ணு தெருவில் நின்ற வேனைப் பார்த்தார்.

“அத்தான், ஒங்களத்தான் கேக்கேன். சொல்லாமப் போறியளே. என் வீட்டுல யாரு செத்துட்டா?”

மாடக்கண்ணு, அப்படியெல்லாம் கேட்காதே தாயி, டிவியில் எல்லாம் வந்துவிட்டது என்று முனகினார். அவர் சொன்னது நான் போட்டோ கொடுத்து நல்லதம்பி போட்ட படத்தைத்தான், அதுவும் டிவியில் இல்லை, போனில். ஆனால் அவருக்கு எல்லாம் டிவிதான்.

“அப்பம் டிவிக்காரன் வீட்டுல போயி துஷ்டி கேளுங்க. எங்கிட்ட ஏன் வந்திய? எங்க, அத காட்டுங்க பாப்பம்.”

மாடக்கண்ணுவின் பெண்டாட்டி போனை நீட்டினாள். இத்தனை நாளாக எதைப் பார்க்காமல் இருக்க இந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டாளோ, அதை அவள் கையிலேயே கொடுத்தோம். மகன் முகத்தையும் மெழுகுவர்த்தியையும் அவள் பார்த்தாள். பிறகு படத்தைக் கிட்டத்தில் வைத்து என்னவோ உற்றுப் பார்த்தாள். நல்லதம்பி கறுப்பு அடித்ததில் ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. சுடலைமுத்து தலைக்குப் பின்னால் என் கடை நேந்திரன் தார் தொங்கியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. வந்ததற்கு ஒரு துஷ்டியாவது உண்மையாக இருந்திருக்கும்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். “ஒவ்வொருத்தரா எம்முகத்தப் பாத்து, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய போங்க. சொல்லாம ஒருத்தரும் இந்த வாசலத் தாண்ட முடியாது.”

துஷ்டிக்கு வந்துவிட்டு அப்படிச் சொன்னால் சொன்னவன் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். மாடக்கண்ணு நயமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு கத்தினார். தம்பி பெண்டாட்டி என்று பார்க்கிறேன் என்றார். தெருவில் ஆள் கூடிவிட்டது. அவள் அசையவில்லை. உங்கள் வீட்டுக்கு ஆகாதது இருக்கட்டும், என் வீட்டுக்கு என்ன செய்துவிட்டுப் போகப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். கடைசியில் அவர்தான் முதலில் தணிந்தார். போயிட்டு வாரேம்மா என்று வாய்க்குள்ளே சொன்னார். அவள் தாழ்ப்பாளை எடுத்து அவரை விட்டாள். இரண்டு பெண்களும் சொன்னார்கள். மாடக்கண்ணு பெண்டாட்டியைக் காணவில்லை. அவள் கொல்லைப் பக்கமாக நழுவி, குளியலறைச் சுவரைத் தாண்டி, சேலையைக் கிழித்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். வயசு அறுபத்திரண்டு.

நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லலியே.”

போயிட்டு வாரேன் செண்பகம் என்றேன். சரி என்றாள். போட்டோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வேன் ஐந்தருவிக்குப் போயிற்று. அவள் கூடையில் வைத்த எண்ணெயைத்தான் தேய்த்துக் குளித்தார்கள் என்று டிரைவர் பிறகு சொன்னான்.

மறுநாள் அவள் கடையைத் திறந்ததும் ஊருக்கு வசதியாகிவிட்டது. மூளை கலங்கிவிட்டது, அழுகை வராமல் உள்ளே அடைத்துக்கொண்டது, அருவியில் கொண்டுபோய்த் தலையைக் காட்டச் சொல்லுங்கள் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். நான் டிவியில் நியூஸை நிறுத்திவிட்டு ஏதோ சமையல் சேனலைப் போட்டேன். திருந்திவிட்டேன் என்று இல்லை. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தால், அவள் கேட்டில் முதுகை வைத்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் வழக்கம்போலக் கிருபாவுக்குப் போன் போட்டாள். அன்றைக்குச் சாரல் வலுத்து, தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கவில்லை போல. போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பலகைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விற்பனைக்கு வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஆக, வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு எழுந்து வந்து தார்ப்பாயை ஒதுக்கி, தடுப்பு ஓரத்தில் என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பைக் கிளறினேன். பொரிந்த சிப்ஸையே திரும்பப் பொரித்தேன். என்னத்தைச் சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை, கேட்க பயமாகவும் இருந்தது. அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு பதினொரு மணிக்கு அவள் போன் போடவே இல்லை. நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று எல்லாரிடமும் நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு ஊர் அவளைச் சுற்றிப் போக ஆரம்பித்தது. அவள் கடையைத் தாண்டுகிறபோது எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். முதலில் செய்தியை வைத்துக்கொண்டு அடித்தார்கள், இப்போது மௌனத்தை வைத்துக்கொண்டு. நல்லதம்பி அடுத்த வேலைக்குப் போய்விட்டான். கடையநல்லூர் பக்கம் ஏதோ சிறுத்தை நடமாட்டம்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சாரலில் நனைந்துகொண்டு பெரிய பையோடு சுடலைமுத்து கடைவரிசையில் நடந்து வந்தான்.

நாச்சியார் தேங்காய்க் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். நான் ஜல்லிக்கரண்டியை எண்ணெய்க்குள்ளேயே விட்டுவிட்டேன். அவன் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, அம்மா கடைக்குள் ஏறி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் எண்ணெய்க் கையால் அவன் கன்னத்தைத் தடவிவிட்டு, தூக்குல சோறு இருக்கு, சாப்புடு என்றாள். அவ்வளவுதான். ஏதோ தென்காசிக்குப் போய் வந்தவனிடம் சொல்கிற மாதிரி.

அவனே எனக்கு விவரம் சொன்னான். எரிந்தது அவன் கப்பலே இல்லை. அந்தக் கப்பல் அடிபட்டதும் இவர்கள் கப்பலில் விளக்கு, நெட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் நின்றதும் ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டான். அதுதான் அந்தத் திங்கட்கிழமை. அன்று சாயங்காலம் அம்மாவோடும் பேசியிருக்கிறான். அப்புறம் தினமும் ராத்திரி வீட்டுப் போனில் பேசியிருக்கிறான்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. சந்தோஷம்தான் முதலில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் கடைக்கே போய்விட்டேன். பதினெட்டு நாளாக என்னை இந்தத் துக்கத்தில் வேகவைத்தாயே, ஊரே உன்னைப் பார்த்துப் பரிதவித்துக்கொண்டு இருக்கிறதே, ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் பாட்டிலுக்கு மூடி திருகிக்கொண்டே கேட்டாள். “நீங்க கேட்டியளா, அண்ணாச்சி?”

கேட்டால் உனக்கு மனசு நோகுமே என்று இருந்துவிட்டேன் என்றேன்.

“எரியுத கப்பல கேக்காமலே காட்டுனிய. போட்டோவ கேக்காமலே எடுத்துக் குடுத்திய. துஷ்டிக்கும் கூப்பிடாமலே வந்திய. சுடலை பேசுனானான்னு ஒத்த வார்த்த, இந்த ஊருல ஒத்த ஆளு கேட்டுச்சா? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அந்தத் திங்கக்கிழமை தகரத்தப் புடிச்சுக்கிட்டு ஒங்க பக்கத்துல நின்னேன். அண்ணாச்சி திரும்பிப் பாத்து, என்னட்டின்னு கேக்க மாட்டாரான்னு எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா?”

எனக்குத் தெரியும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.